ஒண்ணாந்தரத் தோல்

ஐயையோ, துடைக்காதீங்க! துடைக்காதீங்கம்மா, முதல்ல அந்தக் கைக்குட்டையை எடுங்க. கைப்பை மேல வடை எண்ணெய்தானே? விழுந்தது விழுந்துடுச்சு. தேய்ச்சீங்கன்னா காசளவு இருக்கறது கையளவு ஆயிடும். பவுடர் இருக்கா? முகத்துக்குப் போடுறது. ம், அதேதான். தாராளமாக் கொட்டுங்க, கஞ்சத்தனம் வேணாம். அவ்வளவுதான். இனி வீடு போற வரைக்கும் அந்தப் பக்கம் பாக்கக்கூடப் பாக்காதீங்க. நாளைக்குக் காலையில பிரஷ்ஷால மெதுவாத் தட்டி விடுங்க, போயிடும்.

நான் தோல் டாக்டரான்னு கேக்கறீங்களா? இல்லம்மா. அந்தத் தோலும் தெரியாது, இந்தத் தோலும் தெரியாது. இந்த ஒரு வைத்தியம்தான் தெரியும். இதை வெச்சே நாலு வருஷம் பொழைப்பு ஓட்டினேன். பொழைப்புன்னா காசு இல்ல, மரியாதை. அது எப்படிப் போச்சுன்னு சொல்லவா? இந்த ரயில் காட்பாடி போக இன்னும் முக்கால் மணி ஆகும். நீங்களும் வடையை முடிக்கணும்.

பேரு தேவநேசன். ஊரு ஆம்பூர். முப்பத்தொரு வருஷம் தோல் கம்பெனியில இருந்தேன். ஷூ தைச்சு வெளிநாட்டுக்கு அனுப்புற கம்பெனி. இருந்தேன்னா உள்ள இல்ல, வாசல்ல. டைம் ஆபீஸ். காலையில எட்டு மணிக்குச் சங்கு ஊதும். எட்டு அஞ்சு வரைக்கும் விடுவேன். எட்டு ஆறுன்னா அரைநாள் கட். ரூல்னா ரூல். ஒரு பொம்பளை, ஃபினிஷிங் பிரிவு, டோக்கன் நம்பர் நானூத்திப் பதினெட்டு, ஒரு வாரம் தினமும் எட்டு பத்துக்கு வந்து நிக்கும். பிள்ளைக்கு ஏதோ உடம்பு சரியில்லன்னு சொல்லும். என்னமோ. கேட் ஓரமா நின்னு அழும். நான் பேனாவை எடுத்து நேரத்தைக் குறிச்சுக்கிட்டே இருப்பேன். ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணும் இல்லீங்களா? அதுல எனக்கு நல்ல பேரு. மேனேஜ்மென்ட்டுல.

ரிட்டயர் ஆனேன். ஆம்பூருக்குள்ள என்னை யாரும் மதிக்கல. அங்க வீட்டுக்கு ஒருத்தர் தோல்ல இருக்காங்க, யாரு வாசல், யாரு உள்ளன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா ஆம்பூரைத் தாண்டிட்டா கதை வேற. "தேவநேசன் தோல் கம்பெனியில முப்பது வருஷம் இருந்தவரு" அப்படின்னு ஆயிடுச்சு. மதுரையில ஒரு கல்யாணத்துல மச்சினன் பெல்ட்டுல குழம்பு கொட்டிடுச்சு. நான் பவுடர் போடச் சொன்னேன். கேன்டீன் வாசல்ல யாரோ யாருக்கோ சொன்னது காதுல விழுந்தது, அதைத்தான் சொன்னேன். கறை போயிடுச்சு! அன்னியிலிருந்து நான் நிபுணன். எந்த விசேஷத்துக்குப் போனாலும் ஒரு பர்ஸு, ஒரு செருப்பு, ஒரு பையைக் கொண்டுவந்து நீட்டுவாங்க. நான் கண்ணாடியைக் கழட்டிட்டு, வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்து, "ம்... ஆட்டுத்தோல்" அப்படின்னுவேன். அவங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆட்டுக்கும் தெரியாது.

இப்படி இருக்கறப்ப என் பொண்ணு ஜெமிமாவுக்கு ஒரு வரன் வந்துச்சு. ஒரே பொண்ணு. ஆஸ்பத்திரியில லேப்ல வேலை. அதுக்கு முன்னால நாலு வரன் வந்து, நாலையும் வேணாம்னுட்டா. காரணம் கேட்டா, "அப்பா, அவங்க பேசறப்ப நம்ம மூஞ்சியைப் பாக்கறதே இல்லப்பா" அப்படின்னுவா. இது என்ன காரணம், சொல்லுங்க. இருபத்தொன்பது ஆயிடுச்சு. அவங்கம்மா ரூபவதி ஜெபத்துல இந்த ஒரு விண்ணப்பம்தான். அஞ்சாவது வரன் வேலூர் சத்துவாச்சாரி. பையன் பேரு கிளமெண்ட், பிசியோதெரபிஸ்ட், மூட்டு நரம்பெல்லாம் பிடிச்சு நீவி விடுற டாக்டர். அப்பா சற்குணம், மின்வாரியத்துல இருந்து ஓய்வு பெற்றவரு. அம்மா மேபல், பள்ளிக்கூடத்துல ஹெட்மிஸ்ட்ரஸா இருந்தவங்க. அவங்க வந்து பொண்ணைப் பாத்துட்டுப் போயிட்டாங்க. ஜெமிமா வேணாம்னும் சொல்லல, சரின்னும் சொல்லல. "யோசிக்கிறேன்"னா. அதுவே எங்க வீட்டுல பண்டிகை. அடுத்து நாங்க மாப்பிள்ளை வீடு பாக்கப் போகணும்.

எனக்கு சர்க்கரை உண்டும்மா. மாத்திரை ரெண்டு வேளை. ரூபவதி வீட்டுல வெல்லம்கூட ஒளிச்சு வெப்பா. அன்னிக்கு வேலூர்ல இறங்கி, மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்க மக்கன் பேடா வாங்கினோம். நீங்க சாப்பிட்டிருக்கீங்களா? நெய்யில பொரிச்சு, பாகுல ஊறி, உள்ள முந்திரி பாதாம் எல்லாம் வெச்சு... சரி விடுங்க. ரூபவதி ஆட்டோ பேசப் போன நேரத்துல நான் தனியா ரெண்டு வாங்கி, எண்ணெய்த்தாள்ல மடிச்சு, பேன்ட்டுப் பின்பாக்கெட்டுல வெச்சுக்கிட்டேன். சட்டையை வெளியில விட்டிருந்தேன், தெரியாது. திரும்பி வர்றப்ப எங்கயாவது ஓரமா நின்னு சாப்பிட்டுடலாம்னு திட்டம். அறுபத்திரெண்டு வயசுல இதுதான் எனக்கு இருந்த ஒரே ரகசியம்.

அவங்க வீட்டுக்குள்ள போனோம். ஹால் நடுவுல பெரிய சோபா. கிரீம் கலரு. புதுசு. சற்குணம் என்னைக் கையைப் பிடிச்சு அழைச்சுட்டுப் போய், "உக்காருங்க பிரதர்"னாரு. நானும் பெரிய மனுஷன் தோரணையில பின்னால சாஞ்சு பொத்துனு உக்காந்தேன்.

உக்காந்த அந்த நொடி தெரிஞ்சுபோச்சு.

மெதுவா, கதகதன்னு, பின்பக்கம் ஒரு ஈரம் பரவுது பாருங்க... அதை எப்படிச் சொல்றது. சின்ன வயசுல பள்ளிக்கூடத்துல ஒரு தடவை ஆச்சு, அதுக்கப்புறம் அன்னிக்குத்தான். சற்குணம் எதிர்ல உக்காந்து, "பிரதர், நீங்க தோல்லயே இருந்தவரு. இந்த சோபா அசல் தோல்னு வாங்கினோம். எப்படி இருக்கு?"ன்னு கேக்கறாரு. கேக்கறப்ப அவருக்கு நெத்தியெல்லாம் வேர்க்குது. பாவம், புழுக்கம்னு நினைச்சுக்கிட்டேன். நான் பக்கத்துக் கைப்பிடியை ரெண்டு தடவு தடவிப் பாத்து, "ஒண்ணாந்தரம்! கன்னுக்குட்டித் தோல். இந்த மாதிரி இப்போ கிடைக்கறதே இல்ல"ன்னு சொன்னேன். அவரு பெருமூச்சு விட்டாரு. மேபல் அம்மா அவரைப் பெருமையாப் பாத்தாங்க.

அப்புறம் என்ன, நான் எழுந்திருக்கவே இல்ல. வீட்டைச் சுத்திப் பாக்கலாம் வாங்கன்னாங்க. "நீங்க பாருங்க, நான் இங்கயே இருக்கேன்"னேன். மாடியில செடி வெச்சிருக்கோம்னாங்க. "எனக்குச் செடி ஆகாது"ன்னேன். ஆகாதுன்னா என்ன அர்த்தம்னு எனக்கே தெரியல. மேபல் அம்மா காபி கொண்டுவந்து கொடுக்கறாங்க, ஹெட்மிஸ்ட்ரஸ், எழுந்து வாங்கணும் இல்லையா? உக்காந்தபடியே ராஜா மாதிரி வாங்கினேன். ரூபவதி என்னை முறைக்கிறா. வேற வழியில்லாம, "முட்டி பிடிச்சுக்கிட்டுது"ன்னு சொல்லிட்டேன்.

அது எந்த வீடு? முட்டி டாக்டர் வீடு!

"டேய் கிளமெண்ட், அங்கிளுக்கு முட்டியாம்" அப்படின்னு அம்மா சொல்ல, பையன் வந்து என் எதிர்ல தரையில உக்காந்துட்டான். எந்த முட்டின்னு கேட்டான். வலதுன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சுக் கேட்டப்ப இடதுன்னு சொல்லிட்டேன். வலதை விட்டுட்டு இடதைப் பிடிச்சான், அப்புறம் ரெண்டையும் பிடிச்சான். மெதுவா மடக்கறான், நீட்டறான், "இங்க வலிக்குதா அங்கிள்?"னு கேக்கறான். "ஆமா தம்பி"ன்னு நான் முனகறேன். அரைமணி நேரம். பொறுமைன்னா அப்படி ஒரு பொறுமை. "இன்னிக்கு இவரு நிக்க வேண்டாம், நடக்கவும் வேண்டாம். உக்காந்தே இருக்கட்டும்"னு அவங்கம்மாகிட்ட சொல்லிட்டான். கடைசியில ஜெபம் பண்ணறப்ப எல்லாரும் எழுந்து நின்னாங்க. நான் மட்டும் ஆண்டவர் சந்நிதியில பேடா மேல உக்காந்திருக்கேன்.

ஜெபம் முடிஞ்சு எல்லாரும் பழம் தேங்காய் எடுக்க உள்ள போன நேரத்துல எழுந்து பாத்தேன். ஒரு கை அகலத்துக்கு, பாகும் நெய்யும் முந்திரித் தூளும். குஷனைத் திருப்பிப் போடலாம்னு தூக்கினா, அடிப்பக்கம் கறுப்புத் துணி. அதுக்குள்ள காலடிச் சத்தம். எனக்கு என்ன தோணிச்சோ, குஷனைத் தூக்கிப் பின்பக்கமா அணைச்சுக்கிட்டு, "இதுல பூஞ்சை பிடிச்சிருக்கு"ன்னு சத்தமாச் சொன்னேன்.

"பூஞ்சையா? வாங்கி இருபது நாள்கூட ஆகல"ன்னாரு சற்குணம்.

"கன்னுக்குட்டித் தோல்ல அப்படித்தான். இளம் தோல் பாருங்க. நான் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்தியம் பண்ணி, அடுத்த சனிக்கிழமை கொண்டுவந்து கொடுத்துடறேன்."

வேணாம் வேணாம்னு அவரு பதறுறாரு. அந்தம்மாதான், "இவ்வளவு அக்கறையாச் சொல்றாரு, கொடுங்களேன்"னாங்க. குஷனைப் பின்னால பிடிச்சுக்கிட்டு, எல்லாருக்கும் முகத்தைக் காட்டியபடியே, நொண்டி நொண்டிப் பின்னால நடந்து வாசலுக்கு வந்தேன். ரொம்ப மரியாதையான மனுஷன், முதுகைக் காட்டாம போறாருன்னு மேபல் அம்மா சொன்னாங்களாம்.

பஸ்ஸுல ரூபவதி என் பேன்ட்டைப் பாத்துட்டா. மோந்தும் பாத்துட்டா. ரொம்ப நேரம் ஜன்னலுக்கு வெளியில பாத்துக்கிட்டிருந்தா. பள்ளிகொண்டா தாண்டினதும், "பெரிய நிபுணர் இல்லையா, உங்களுக்குத் தெரிஞ்ச வித்தையைக் காட்டுங்க"ன்னு மட்டும் சொன்னா. பாருங்க, அந்த நிலைமையிலயும் என் மேல அவளுக்கு ஒரு நம்பிக்கை.

வீட்டுக்கு வந்ததும் வித்தையைக் காட்டினேன். ஒரு டப்பா பவுடரையும் கொட்டினேன். மறுநாள் தட்டிப் பாத்தா நெய் பாதிக்கு மேல போயிருந்துச்சு. அதோட நிறுத்தியிருந்தா நான் மனுஷன். பாகு இருக்குதே, அதுக்கு எறும்பு வந்துடுச்சு. வெந்நீர்ல பாத்திரம் கழுவுற சோப்பைக் கரைச்சுத் துடைச்சேன். எறும்பு போச்சு, சுத்திலும் ஒரு வளையம் வந்துச்சு. வளையத்துக்கு எலுமிச்சம்பழம் நல்லதுன்னு செல்போன்ல ஒருத்தன் சொன்னான். தேய்ச்சேன். எலுமிச்சைக்கு மேல பற்பசை போடுங்கன்னான் இன்னொருத்தன். போட்டேன். வீடு பூரா புதினா வாசனை, வளையம் அப்படியே. அப்புறம் ஜெமிமாவோட அலமாரியில நகப்பாலிஷ் அழிக்கிற தண்ணி இருந்துச்சு. பஞ்சுல தொட்டு ஒரு இழு இழுத்தேன். பஞ்சு முழுக்கக் கிரீம் கலரு! ஆஹா, கறை வருதுன்னு இன்னும் நாலு பஞ்சு தேய்ச்சேன். வந்தது கறை இல்லம்மா, நிறம். நடுவுல சொறி பிடிச்ச நாய் முதுகு மாதிரி ஒரு திட்டு. அந்தத் திட்டுக்குக் கான்வாஸ் ஷூவுக்குப் போடுற வெள்ளைப் பாலிஷ் பூசினேன். காய்ஞ்சதும் பாத்தா பரவாயில்லன்னு தோணிச்சு. "உக்காந்து பாரு"ன்னு ரூபவதிகிட்ட சொன்னேன். உக்காந்தா. எழுந்தா. பாலிஷ் பூரா அப்பளம் மாதிரி நொறுங்கிச்சு, பாதி அவ புடவையில.

அன்னிக்கு வியாழன். சனிக்கிழமை கொண்டு போகணும்.

ஜெமிமா இதையெல்லாம் வாசல்படியில நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. ஒண்ணும் கேக்கல. ஆனா வாயை மூடிக்கிட்டு உள்ள ஓடினா. பாவம், அழறான்னு நினைச்சேன். இந்த வரனும் என்னாலயே போகப்போகுதுன்னு எனக்குச் சோறு இறங்கல.

அப்பத்தான் நானூத்திப் பதினெட்டு ஞாபகம் வந்துச்சு. கம்பெனியில வெளிநாட்டுச் சரக்கு எதுல கறை விழுந்தாலும் அந்தப் பொம்பளையைத்தான் கூப்பிடுவாங்கன்னு கேள்வி. இப்போ வேலையை விட்டுட்டு வீட்டுலயே ஷூ மேல்பாகம் தைச்சுக் கொடுக்குதுன்னு சொன்னாங்க. குஷனைச் சாக்குல சுத்தித் தூக்கிக்கிட்டு, எங்க ஊர்ல பெத்லகேம்னு ஒரு பகுதி, அது பக்கத்துல ஒரு சந்துல போய் விசாரிச்சேன். பேரு தெரியாம எப்படி விசாரிக்கிறது? "ஃபினிஷிங்ல இருந்தாங்களே, கொஞ்சம் உயரமா, நானூத்திப் பதினெட்டு" அப்படின்னு கேட்டேன். ஒரு பொண்ணு, "அது என்ன தாத்தா, ரேஷன் கார்டா?"ன்னு கேட்டுட்டுப் போயிடுச்சு. கடைசியில அந்தம்மாவே வெளியில வந்து பாத்துட்டாங்க.

"டைம் ஆபீஸ் சாரா? வாங்க. உக்காருங்க. இங்க சங்கு எல்லாம் கிடையாது."

அந்தம்மாவுக்கு எப்பவுமே வாய் ஜாஸ்தி. நான் கண்டுக்கல. குஷனை எடுத்து வெச்சேன். அவங்க கறையைப் பாக்கவே இல்ல. ஓரத்துத் தையலை ரெண்டு விரலால பிரிச்சு, உள்பக்கத்தைப் பாத்தாங்க. அப்புறம் என்னைப் பாத்தாங்க.

"சார், இதுக்கு என்னென்ன போட்டீங்க?"

சொன்னேன். எல்லாத்தையும் வரிசையாச் சொன்னேன். பற்பசை வந்தப்ப முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டாங்க.

"சார், இது தோலே இல்ல. ரெக்ஸின்."

"இல்லம்மா, கன்னுக்குட்டி..."

"இந்தா பாருங்க, உள்ள துணி தெரியுதா? தோல்னா பின்பக்கம் நாரு நாரா இருக்கும். இது துணி மேல பூசின பூச்சு. பூச்சை நீங்க தேய்ச்சு எடுத்துட்டீங்க." பிரிச்ச ஓரத்தை விரலால நீவிக்கிட்டே சொன்னாங்க: "முப்பது வருஷம் வாசல்லயே உக்காந்திருந்தீங்க சார். ஒரு நாள் உள்ள வந்து தொட்டுப் பாத்திருக்கலாம்."

எனக்குக் கோபம் வந்துச்சு. யாரைப் பாத்து என்ன பேச்சு? ஆனா குஷன் அவங்க கையில. எழுந்து போகவும் முடியல. அதே ரெக்ஸின், ஆட்டோ சீட்டு தைக்கிற கடையில கிடைக்கும், வாங்கிட்டு வாங்க, மேலுறையைப் புதுசாத் தைச்சுத் தரேன்னாங்க. மறுநாள் வாங்கிட்டுப் போனேன். மத்தியானத்துக்குள்ள தைச்சுட்டாங்க. எது பழசு, எது புதுசுன்னு தெரியல. என்ன கொடுக்கணும்னு கேட்டேன். "நீங்க நேரத்துக்கு வந்தீங்களே, அதுவே போதும்"னாங்க. அது எனக்கு அப்போ புரியல.

சனிக்கிழமை வேலூர் போனேன். நான் மட்டும்தான். ரூபவதி வர மாட்டேன்னுட்டா. குஷனை எடுத்து சோபாவுல வெச்சேன். பொருந்திடுச்சு. மேபல் அம்மா கையைத் தட்டினாங்க. "பாத்தீங்களா, தெரிஞ்சவங்க கை பட்டா எப்படி இருக்கு"ன்னு கணவரைப் பாத்துச் சொன்னாங்க. சற்குணம் குஷனையே பாக்கறாரு. நான் எதிர் நாற்காலியில உக்காந்து மனசுக்குள்ள அல்லேலூயா பாடிட்டேன். தப்பிச்சேன், கல்யாணம் நிச்சயம், காபி வந்தா குடிச்சுட்டுக் கிளம்பவேண்டியதுதான்.

அப்போ அந்தம்மா உள்ள போய் ஒரு கைப்பையைக் கொண்டுவந்தாங்க. பழுப்புக் கலரு, மெத்துமெத்துன்னு. "பிரதர், நான் ஓய்வு பெற்ற அன்னிக்குப் பிள்ளைங்க எல்லாம் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது. ஒரு பிள்ளை அப்பனில்லாதவன், அவனும் கொடுத்தானாம். ஒரே ஒரு தடவைதான் வெளியில எடுத்துட்டுப் போனேன், பேனா கக்கிடுச்சு. யாரை நம்பிக் கொடுக்கறதுன்னு மூணு வருஷமா வெச்சிருக்கேன். நீங்க பண்ணித் தருவீங்களா?"

வாங்கிக்கோடான்னு மனசு சொல்லுது. வாங்கிக்கோ, ஆம்பூர்ல பாத்துக்கலாம்னு சொல்லுது. கையை நீட்டிட்டேன். நீட்டினப்ப என் கண்ணுல அந்த அஞ்சு பஞ்சுதான் தெரியுது. அந்தம்மா என் மூஞ்சியையே பாக்கறாங்க. எங்கிட்ட அப்படி நம்பிப் பாத்தவங்க யாரும் இல்லம்மா. கேட்டுல நின்னவங்க எல்லாம் பயந்துதான் பாத்தாங்க.

கையை இழுத்துக்கிட்டேன்.

"அம்மா, எனக்குத் தோலைப் பத்தி ஒண்ணும் தெரியாது. நான் வாசல்ல உக்காந்து ஆளு வந்த நேரம் குறிச்சவன். அன்னிக்கு முட்டி வலியும் இல்ல, பூஞ்சையும் இல்ல. பேடா மேல உக்காந்துட்டேன். அதைத் துடைக்கிறேன்னு குஷனையும் பாழாக்கிட்டேன். இது மேலுறை புதுசா ஒருத்தங்க தைச்சுக் கொடுத்தது. என்னை என்ன வேணா சொல்லுங்க, என் பொண்ணு இதுல எதுக்கும் பொறுப்பில்ல."

நான் ரெக்ஸின் விஷயத்தைச் சொல்லல, கவனிச்சீங்களா? அவ்வளவு பெரிய மனுஷனை எதுக்கு அவமானப்படுத்தணும்னு விட்டுட்டேன். ஆனா சற்குணம் இருக்காரே, முன்னால குனிஞ்சு, மெதுவாக் கேக்கறாரு:

"அப்போ... அது ரெக்ஸின்னு உங்களுக்கு அன்னிக்குத் தெரியவே இல்லையா?"

"ரெக்ஸினா?"ன்னாங்க மேபல் அம்மா.

அவ்வளவுதான். அந்தம்மா திரும்பின திருப்புல, நான் பண்ணினது எல்லாம் ஒண்ணுமே இல்லாமப் போயிடுச்சு. அவங்ககிட்ட அசல் தோல்னு சொல்லித்தான் வாங்கியிருக்காரு மனுஷன். நிபுணர் வர்றாருன்னு தெரிஞ்சு ஒரு வாரமா தூங்கலையாம். நான் ஒண்ணாந்தரம்னு சொன்னதும், இவரு கண்டுபிடிச்சுட்டு என் மானத்தைக் காப்பாத்தறாருன்னு நினைச்சாராம். தங்கமான சம்பந்தின்னு நினைச்சாராம்! "எழுந்து நில்லுங்க"ன்னாங்க அந்தம்மா. அவரு நின்னுட்டாரு. சொன்னா நம்ப மாட்டீங்க, நானும் நின்னுட்டேன்.

கதவுகிட்ட யாரோ சிரிக்கிற சத்தம். கிளமெண்ட். சுவத்துல சாஞ்சு நின்னு, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிக்கிறான்.

"அங்கிள், எனக்கு அன்னிக்கே தெரியும். உங்க எதிர்ல உக்காந்ததுமே நெய் வாசனை. குஷன் ஓரத்துல ஒரு எறும்பு வேற ஏறிட்டிருந்துச்சு."

"அப்புறம் ஏன் தம்பி அரைமணி நேரம் முட்டியைப் பிடிச்சே?"

"விட்டா உங்களை எழுந்திருக்கச் சொல்லுவாங்களே அங்கிள்."

அவன் அதை ஒரு பெரிய விஷயமாவே சொல்லல. நான் குஷனைத் தூக்கிட்டு வந்த அன்னிக்குச் சாயந்தரமே ஜெமிமாவுக்கு போன் பண்ணி, "உங்கப்பா பத்திரமா வீட்டுக்கு வந்துட்டாரா?"ன்னு கேட்டிருக்கான். இவ துருவித் துருவிக் கேட்டதும் சொல்லியிருக்கான். மறுநாள் இவ எதுவும் யோசிக்காம சரின்னுட்டாளாம். அவங்கம்மா ரூபவதிக்கும் அது தெரியுமாம். ஒரு வாரம் நான் எலுமிச்சம்பழம் தேய்க்கிறேன், பற்பசை போடுறேன், ரெண்டு பேரும் பாத்துக்கிட்டே இருந்திருக்காங்க. "ஏன்டி சொல்லல?"ன்னு ரூபவதிகிட்ட கேட்டேன். "நீங்க ஒரு வேலை செஞ்சு நான் இதுக்கு முன்னால பாத்ததில்லையே"ன்னா.

கல்யாணம் வைகாசியில நல்லபடியா முடிஞ்சுது. சர்ச்சுல ஜனமான ஜனம். அது கிடக்கட்டும். அன்னிக்கு நான் கிளம்பறப்ப நடந்ததைச் சொல்லி முடிச்சுடறேன். மேபல் அம்மா கைப்பையை என் கையில வெச்சாங்க. "உங்களுக்குத் தெரியாது, சரி. அந்த உறையைத் தைச்சவங்களுக்குத் தெரியுமா?"ன்னு கேட்டாங்க. தெரியும்னேன். "யாரு, பேரென்ன?"ன்னாங்க. நான் முழிச்சேன். "டோக்கன் நம்பர் நானூத்திப் பதினெட்டு"ன்னேன்.

"எத்தனை வருஷமாத் தெரியும்?"

"இருபத்திரெண்டு வருஷம்."

அந்தம்மா கிளாஸ்ல ஒரு பையனைப் பாக்கற மாதிரி என்னைப் பாத்தாங்க. புருஷனைத் திட்டினாங்களே, அந்தத் திட்டு எவ்வளவோ தேவலாம்.

ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு நேரா அந்தச் சந்துக்குப் போனேன். போனதும் முதல்ல பேரைக் கேட்டேன். "மாசாமாசம் ரிஜிஸ்டர்ல உங்க கையாலதானே சார் எழுதினீங்க"ன்னாங்க. அப்புறம் சொன்னாங்க. அஞ்சலாட்சி. அந்தப் பிள்ளை, உடம்பு சரியில்லன்னு சொன்னாங்களே, அது எப்படி இருக்குன்னு கேக்கலாம்னு வாயைத் திறந்தேன். கேக்கல. இருபது வருஷம் கழிச்சுக் கேக்கறதுக்கு எனக்குத் தைரியம் வரல.

அஞ்சலாட்சி அம்மா கைப்பையை மடியில வெச்சுக்கிட்டாங்க. மூடியோட உள்பக்கம், வெளியில தெரியாத இடத்துல, பஞ்சு சுத்தின குச்சியில ஒரு சொட்டு ஸ்பிரிட் தொட்டு வெச்சுப் பாத்தாங்க. நிறம் விடலன்னு தெரிஞ்சதும்தான் கறைகிட்ட போனாங்க. தேய்க்கல. குச்சியை உருட்டினாங்க. ஓரத்துலேருந்து நடுவுக்கு, ஒரு உருட்டு, குச்சியைத் தூக்கிப் போடு, வேற குச்சி. ஒரு மணி நேரம். மை கொஞ்சம் கொஞ்சமா ஏறி வந்துச்சு. கடைசியில நிழல் மாதிரி ஒரு நீலம் மிச்சம் இருக்கறப்ப நிறுத்திட்டாங்க.

"இன்னும் கொஞ்சம் இருக்கேம்மா"ன்னேன்.

"இருந்துட்டுப் போகட்டும் சார். இதுக்கு மேல போனா கறை போகாது, தோலுதான் போகும்."

துணியில கொஞ்சம் கிரீம் தொட்டு மேல பூராவும் பூசிட்டு, பையை என் மடியில வெச்சாங்க. கையை வெச்சேன். வெச்சவன் எடுக்கல. கதகதன்னு இருந்துச்சும்மா. தூங்கற குழந்தை முதுகு மாதிரி. முப்பத்தொரு வருஷம் தோல் கம்பெனி சம்பளம் சாப்பிட்டவன், எனக்கு அது தெரியாது.

"தோலு இப்படிச் சூடா இருக்குமா?"ன்னு கேட்டேன்.

அந்தம்மா சிரிப்பாங்கன்னு பாத்தேன். சிரிக்கல.

"உசுரோட இருந்ததுதானே சார்"னு சொல்லிட்டு, பக்கத்துல குவிஞ்சு கிடந்த ஷூ மேல்பாகத்துல ஒண்ணை எடுத்து, ஊசியில நூல் கோக்க ஆரம்பிச்சாங்க.